பூவே முள்ளாதல்: நெருஞ்சியின் தோற்றமும் பெயரும் பழந்தமிழ்ப் பாடல்களில் அதன் ஆட்சியும்

முன்னுரை

பழந்தமிழ் இலக்கியத்தில் இடம்பெறும் பூக்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் திணைக்குரிய பூக்களையும் சூடுதற்குரிய பூக்களையுமே சுற்றி வந்துள்ளன. குறிஞ்சியும் முல்லையும் காந்தளும் தும்பையும் பெற்ற கவனத்தில் ஒரு சிறு பங்கினைக்கூட வழியோரக் களைச்செடிகளின் பூக்கள் பெறவில்லை. அவ்வாறு விடுபட்ட பூக்களுள் நெருஞ்சி ஒன்று. அதனைத் தொடுப்பாரும் இல்லை, சூடுவாரும் இல்லை. கால் வைக்கும் இடத்தில் அது இல்லாதிருந்தால் போதும் என்பதே மக்கள் அதனிடம் எதிர்பார்ப்பது. ஆயினும் சங்கப் புலவர்களும் வள்ளுவரும் இச்செடியைக் கூர்ந்து நோக்கியிருக்கின்றனர். அந்நோக்கின் நுட்பத்தை இன்றைய வாசிப்பு எவ்வளவு தூரம் உள்வாங்கியுள்ளது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினா வெறும் செடியியல் வினா அன்று. குறுந்தொகையின் 202ஆம் பாடலில் தலைவி தன் கணவனின் மாற்றத்திற்கு நெருஞ்சியை உவமையாக்குகிறாள். முன்பு இனியன செய்தவர் இப்போது இன்னாதன செய்கிறார். கண்ணுக்கு இனிதாயிருந்த புதிய பூ முள்ளைத் தந்தது போல என்பது அவள் கூற்றின் சாரம். இதற்கு எளிதாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. ரோஜாச் செடியில் பூவும் முள்ளும் சேர்ந்திருப்பது போலத் தலைவனிடம் இனிமையும் கொடுமையும் சேர்ந்திருக்கின்றன என்பதே அது. நெருஞ்சியை நேரில் காணாத மாணவருக்கு இவ்விளக்கம் எளிதில் பொருந்திவிடுகிறது. ஆனால் அது பாடலின் பொருளைத் திசைமாற்றிவிடுகிறது என்பது நம் கருத்து. அதனை நிறுவுவதற்கு முதலில் செடியையும் அதன் பெயரையும் அறிதல் வேண்டும்.

செடியின் இயல்பு

நெருஞ்சி, தரையோடு தரையாகப் படர்வது. ஆணிவேரின் தலையிலிருந்து பல கிளைகள் நாற்புறமும் வட்டமாக விரிந்து மண்ணை ஒட்டிக் கிடக்கும். இலைகள் எதிரெதிராக அமைந்தவை. ஒவ்வோர் இலையும் சிறு சிறு சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். கணுக்களில் பூக்கள் தனித்தனியே தோன்றும். ஐந்து இதழ், பொன்னிறம், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலம். காலையில் விரியும் பூவின் வாழ்நாள் பெரும்பாலும் ஒரு பகற்பொழுதே. மணல் பாங்கான, வறண்ட, மனிதரும் மாடும் நடந்து புழங்கிய நிலம் இதற்கு உகந்தது.

இச்செடியைப் பற்றி நாம் இங்குச் சிறப்பாகக் கருத்திற்கொள்ள வேண்டியது அதன் முள்ளின் இருப்பிடம். ரோஜாவுக்கு முள் தண்டில் உள்ளது, கள்ளிக்கும் தண்டிலேயே. நெருஞ்சியின் தண்டிலோ இலையிலோ முள் இல்லை. இதழ்கள் உதிர்ந்தபின் பூவின் நடுவிலிருந்த சூலகம் காயாகப் பருக்கிறது. அக்காயின் புறத்திலேயே முட்கள் எழுகின்றன. காய் முற்றி உலர்ந்ததும் ஐந்து துண்டுகளாகப் பிளவுறும். ஒவ்வொரு துண்டிலும் நீண்ட முள் இரண்டும் பெரும்பாலும் குறுகிய முள் இரண்டும் இருக்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேல்நோக்கி நிற்கும் வகையில் அவை அமைந்துள்ளன. காலில் தைத்து, குளம்பில் ஏறி, விதை வேறிடம் செல்வதற்கு இது வழி.

ஆகவே நெருஞ்சியில் பூவும் முள்ளும் வேறுவேறு உறுப்புகள் அல்ல. ஒரே உறுப்பின் முன்னிலையும் பின்னிலையுமே அவை. பூ இருந்த இடத்தில்தான் முள் வருகிறது. பூ முடிந்த பின்னர்தான் முள் வருகிறது. இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டு பாடல்களை அணுகினால் அவற்றின் சொல்லமைப்புப் புதிய தெளிவு பெறுகிறது.

பெயர்கள் சொல்வது

நெருஞ்சி, நெருஞ்சில் எனும் இரு வடிவங்களும் தமிழில் வழங்குகின்றன. மலையாளத்தில் ஞெரிஞ்ஞில் என்றும் கன்னடத்தில் நெக்கிலு என்றும் இனச்சொற்கள் உள்ளன. தமிழ்நாட்டு நாட்டார் வழக்கிலும் மருத்துவ வழக்கிலும் இருவகை நெருஞ்சி பேசப்படுகின்றது. சிறுநெருஞ்சி என்பது மேலே விவரித்த படர்செடி. பெருநெருஞ்சி அல்லது யானை நெருஞ்சி என்பது அகன்ற இலையும் சதைப்பற்றான தண்டும் உடைய வேறொரு செடி. தாவரவியலார் அதனை எள் அடங்கிய மற்றொரு குடும்பத்தில் வைப்பர். இரண்டுக்கும் மஞ்சள் நிறப் பூவும் முள்ளுடைய காயும் பொதுவாக இருத்தலால் மக்கள் ஒரே பெயரால் அழைத்து, அடைமொழியால் வேறுபடுத்தினர். குறுந்தொகைப் பாடல் நெருஞ்சிக்குச் சிறிய இலை என்னும் அடையைத் தருவது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. சங்கப் பாடல்களில் நெல்லிக்கும் இவ்வடை வருவதால் இதனை மட்டும் கொண்டு வகையை முடிவுசெய்தல் இயலாது. எனினும் பிற குறிப்புகளோடு சேர்த்துக் காணும்போது சிறுநெருஞ்சியையே பாடல் சுட்டுகிறது எனக் கொள்வதில் தடையில்லை.

பிறமொழிப் பெயர்களோடு ஒப்பிட்டால் ஒரு செய்தி புலனாகும். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் இச்செடிக்கு இட்ட அறிவியற் பெயர் டிரிபுலஸ் டெரஸ்டிரிஸ். முதற்சொல், மூன்று முனை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பகைவரின் குதிரைகள் நடவாதபடி தரையில் இறைக்கப்பட்ட முள்முனைக் கருவிக்கும் அதுவே பெயர். இரண்டாம் சொல் நிலத்துக்குரியது என்பதைக் குறிக்கும். வடமொழியில் வழங்கும் கோக்ஷுரம் என்னும் பெயர் பசுவின் குளம்போடு தொடர்புடையது. திரிகண்டகம் என்னும் பெயர் மும்முள் எனப் பொருள்படும். ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களுள் ஒன்று சக்கரத்தைத் துளைக்கும் கொடி எனும் பொருளது; மற்றொன்று காயின் வடிவத்தை ஆட்டின் தலைக்கு ஒப்பிடுவது. யானை நெருஞ்சியின் அறிவியற் பெயரில் உள்ள மியூரெக்ஸ் என்பதும் முள்ளுடைய கடல்நத்தை ஒன்றன் பெயரே.

இப்பெயர்கள் யாவும் காயையும் முள்ளையும் கண்டு இடப்பட்டவை. பொன்னிறப் பூவைக் கண்டு இடப்பட்ட பெயர் இவற்றுள் ஒன்றுமில்லை. நடப்பவனின் பாதமே இச்செடிக்குப் பெயரிட்டது என்று கூறினும் பொருந்தும். தமிழ்ப் பேச்சுவழக்கும் இதற்கு விலக்கன்று. இன்றும் மக்கள் பெரிதும் சொல்வது நெருஞ்சி முள் என்பதையே. இத்தகைய சூழலில், பாதத்தால் அறியப்பட்ட ஒரு செடியைக் கண்ணால் அறிந்து பாடியவர்கள் சங்கப் புலவர்கள் என்பது நாம் போற்றத்தக்க தனித்தன்மை.

சூடாப் பூ

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த 99 பூக்களை அடுக்குகிறார். மலைப்பூ, நீர்ப்பூ, கடற்கரைப் பூ எனப் பல நிலத்துப் பூக்கள் அதில் உள்ளன. பூளையும் ஆவிரையும் பீர்க்கும் முதலிய எளிய நிலத்துச் செடிகளும் புலவர் கண்ணுக்குத் தப்பவில்லை. ஆனால் அப்பட்டியலில் நெருஞ்சி இல்லை. இது மறதி அன்று. பறித்துச் சூடி விளையாடும் பூக்களின் பட்டியல் அது. நெருஞ்சியோ பறிப்பதற்குரியது அன்று. தரையில் ஒட்டிக் கிடக்கும் சிறுபூவுக்குக் காம்பு நீளமில்லை, மணம் பேசப்படுவதில்லை, குனிந்து பறிக்கும் கைக்கு அருகிலேயே முந்திய பூக்களின் முட்கள் காத்திருக்கும்.

இப்பின்னணியில் குறுந்தொகைப் பாடல் நெருஞ்சிப் பூவைக் கண்ணுக்கு இனிது என்று சிறப்பிப்பது ஆழ்ந்த பொருளுடையது. கூந்தலுக்கு இனிய பூக்கள் பல. மூக்குக்கு இனிய பூக்கள் பல. நெருஞ்சியின் இனிமை கண்ணளவில் நிற்பது. கண்டு மகிழலாம், கைக்கொள்ள இயலாது. தலைவன் தந்த இனிமையும் அத்தகையதே என்னும் குறிப்பு அந்த ஓர் அடைமொழியில் அடங்கியிருக்கிறது. அழகுக்காகச் சேர்க்கப்பட்ட வெற்றடையாக அதனைக் கருதி நாம் கடந்து செல்லுதல் முறையன்று.

ஞாயிற்றை நோக்கும் பூ

சங்கப் பாடல்கள் நெருஞ்சிப் பூவின் மற்றோர் இயல்பாகக் காட்டுவது ஞாயிற்றை நோக்குதல். இதனைக் காட்டும் மூன்று பாடல்களை ஒப்பிட்டுக் காணலாம்.

முதலாவது, மோசிகீரனார் பாடிய புறநானூற்று 155ஆம் பாடல். வறுமையுற்ற பாணன் ஒருவனைக் கொண்கானங்கிழானிடம் ஆற்றுப்படுத்தும் பாட்டு இது. பாழ்பட்ட ஊரில் பூத்த நெருஞ்சியின் பொன்போன்ற பூக்கள் எழுகின்ற ஞாயிற்றை எதிர்கொள்வது போல, இல்லாமையால் வாடும் புலவர்களின் உண்கலங்கள் அவ்வள்ளலின் மார்பை நோக்கி மலர்ந்தன என்பது அதன் கருத்து. இவ்வுவமையில் மூன்று பொருத்தங்கள் உள்ளன. ஐந்து இதழ்களும் விரிந்த ஆழமற்ற சிறுபூ, வாய் விரிந்த கலத்தின் வடிவினது. எழும் சுடரை எதிர்கொள்ளும் பூக்கள் பல. ஆனால் சுடர் ஒன்றே. கலங்கள் பலவாகவும் வள்ளல் ஒருவனாகவும் அமைந்தமைக்கு அது பொருந்துகிறது. மூன்றாவது, பூத்த இடம் பாழூர். மக்கள் நீங்கிய ஊரின் தெருவில் முதலில் பரவும் செடி நெருஞ்சி. வறுமையை வறுமை நிலத்துப் பூவாலேயே சொல்லியதில் புலவரின் தெரிவு வெளிப்படுகிறது. தாமரையும் கதிரவனை நோக்கி மலர்வதாகவே பாடப்படும். ஆயினும் நீர்வளம் மிக்க பொய்கைப் பூவை இரவலர் கலத்துக்கு ஒப்பிட்டிருந்தால் பாடலின் உணர்வு கெட்டிருக்கும்.

இரண்டாவது, மதுரை வேளாதத்தனார் பாடிய குறுந்தொகை 315ஆம் பாடல். திருமணத்திற்கு முற்பட்ட காலம். தலைவன் பிரிவால் வேறுபட்டாய் என்ற தோழிக்குத் தலைவி விடையிறுக்கிறாள். அவன் ஞாயிறு போன்றவன். தன் தோள்கள் நெருஞ்சி போன்றவை என்கிறாள். நான்கே அடிகளைக் கொண்ட பாடலில் உவமைக்குரிய பொதுத்தன்மை வெளிப்படச் சொல்லப்படவில்லை. நெருஞ்சியின் இயல்பு கேட்போர் யாவருக்கும் தெரிந்திருந்தது என்பதற்கு இவ்விடுபாடே சான்று. அவன் உள்ள திசையே தன் திசை என்பதைத் தலைவி ஒரு செடியின் பெயரால் சொல்லி முடிக்கிறாள்.

மூன்றாவது, பாவைக்கொட்டிலார் பாடிய அகநானூற்று 336ஆம் பாடல். இங்குப் பேசுபவள் பரத்தை. தான் சென்றால், வானத்துச் சுடரோடு கூடத் திரியும் நெருஞ்சியைப் போலத் தலைவன் தன்னோடு திரிவான். இல்லையேல் தன் கைவளைகள் உடையட்டும் என்று வஞ்சினம் கூறுகிறாள்.

குறுந்தொகையில் தலைவன் ஞாயிறு, பெண் நெருஞ்சி. அகநானூற்றில் பரத்தை ஞாயிறு, தலைவன் நெருஞ்சி. ஒரே உவமை தலைகீழாக்கப்பட்டுள்ளது. சொல்லாட்சியிலும் வேறுபாடு உண்டு. புறநானூற்றில் பூ எழுசுடரை எதிர்கொள்ளுகிறது. அது காலை நேரத்து ஒருமுறை நிகழ்ச்சி. அகநானூற்றில் பூ சுடரோடு திரிகிறது. அது பகல் முழுதும் தொடரும் செயல். வள்ளலின் ஈகைக்கு ஒருமுறை எதிர்கொள்ளல் போதும். ஆடவனைத் தன்வயப்படுத்தியதாகச் செருக்குறும் பரத்தைக்குத் தொடர்ந்து திரிதலே வேண்டும். பொருளுக்கேற்ப வினைச்சொல் மாறியிருப்பதைக் காணலாம்.

இவ்விடத்தில் ஆசிரியர் பலர் எளிமை கருதிச் சூரியகாந்தியைக் காட்டி விளக்குவதுண்டு. சூரியகாந்தி வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. சங்கப் புலவர் அறியாதது. அதன் இளஞ்செடிகளே கதிரவனைத் தொடர்கின்றன. முதிர்ந்த பூத்தலை கிழக்கு நோக்கி நின்றுவிடுகிறது. வடிவிலும் அது நெருஞ்சிக்கு நேர்மாறானது. ஆளுயரத் தண்டில் தட்டுப்போல நிற்கும் பூவை மனத்திற் கொண்ட மாணவர், மண்ணோடு கிடந்து அண்ணாந்து நோக்கும் சிறுபூவின் எளிமையை உணர வழியில்லை. அவ்வெளிமையை நீக்கிவிட்டால் இரவலர் கலமும் தலைவியின் தோளும் தம் உருக்கத்தை இழந்துவிடும்.

முள் ஈனும் பூ

இப்போது குறுந்தொகை 202ஆம் பாடலுக்கு வருவோம். பாடியவர் அள்ளூர் நன்முல்லையார். ஐந்து அடிகள் கொண்ட மருதத்திணைப் பாடல். பரத்தையிடம் சென்று மீண்ட தலைவனை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டிய தோழிக்குத் தலைவி மறுப்புரைப்பதாக அமைந்தது. குறுந்தொகைக்குப் பழையோர் எழுதிய உரை நமக்குக் கிடைக்கவில்லை. 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரும் 1937இல் உ. வே. சாமிநாதையரும் வெளியிட்ட பதிப்புகளின் வழியாகவே இருபதாம் நூற்றாண்டு வாசகர் இந்நூலை அறிந்தனர். எனவே சொல்லுக்குச் சொல் நின்று பொருள் காணும் பொறுப்பு நம்மைச் சார்ந்தது.

பாடலில் மூன்று சொற்கள் நம் கவனத்திற்குரியவை. ஒன்று, செடி செறிந்திருந்த இடமாகிய புன்புலம். மருதத்தின் நிலம் வயலும் பொய்கையும். அதற்குரிய பூக்கள் தாமரை, ஆம்பல் முதலியவை. நீர்வளம் மிக்க ஊரில் வாழும் இல்லத்தலைவி தன் மணவாழ்வைச் சொல்ல வறண்ட நிலத்துச் செடியைத் தேர்கிறாள். வெளியே வளம் குன்றாத வாழ்வு உள்ளே புன்புலமாகிவிட்டது என்பதை நிலத்தின் பெயரே உணர்த்திவிடுகிறது.

இரண்டாவது, புதுமலர் என்பது. பாடல் கூறுவது செடியை அன்று; அன்று விரிந்த ஒரு பூவை. ஒரு பகலே நிற்கும் பூவுக்குப் புதுமை என்பது அதன் வாழ்நாள் முழுதும். அப்புதுமை கழிவதும் அது கழிவதும் ஒன்றே.

மூன்றாவது, பயத்தல் என்னும் வினை. பெறுதல், ஈனுதல், விளைத்தல் என்பன அதன் பொருள்கள். பூவின் அருகில் முள் இருந்தது என்றோ பூவுக்குப் பின்னால் முள் மறைந்திருந்தது என்றோ பாடல் கூறவில்லை. பூ முள்ளை ஈன்றது என்கிறது. மற்றொரு செடிக்கு இவ்வாறு கூறினால் அது கவிஞரின் மிகைக்கூற்றாகும். நெருஞ்சிக்கோ அது உள்ளதை உள்ளவாறு உரைத்தல். சூலகம் காயாகி முள் எழுவதைக் கண்டறிந்த ஒருவரே இவ்வினையை இங்கு அமைத்திருக்க இயலும்.

இதனால் விளையும் பொருள்வேறுபாடு சிறிதன்று. பூவும் முள்ளும் ஒருங்கிருப்பின், முள்ளை விலக்கிப் பூவைக் கொள்ளுதல் கூடும். தலைவனின் கொடுமையைப் பொறுத்து இனிமையை ஏற்பாயாக என்று தோழி சொல்வதற்கும் இடமுண்டு. ரோஜா விளக்கம் உண்மையில் தோழியின் கட்சிக்கே துணைசெய்கிறது. ஆனால் பூவே முள்ளாகிவிட்டது எனின், மீண்டும் கொள்வதற்குப் பூ எங்கே உள்ளது? முள்ளிலிருந்து பூவுக்குத் திரும்பும் வழி இயற்கையில் இல்லை. தலைவியின் உவமை தன் துயரத்தைச் சொல்வதோடு நில்லாமல், தோழியின் வேண்டுகோளுக்கு விடையாகவும் அமைகிறது. வாயில் மறுத்தல் என்னும் துறைக்கு அவ்வுவமையே காரணம் கூறுகிறது. இதனை நோக்காதபோது பாடல் வெறும் புலம்பலாகச் சுருங்கிவிடும். நெஞ்சு நோகின்றது எனும் சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறும் தலைவி, அந்நோவின் நடுவிலும் தெளிந்த முடிவோடு இருக்கிறாள் என்பதை நாம் காணத் தவறக்கூடாது.

ஒரு தடையும் விடையும்

இவ்விளக்கத்திற்கு ஒரு தடை எழலாம். நெருஞ்சிக் கொடியில் ஒரு கணுவில் காய் முற்றியிருக்க, மற்றொரு கணுவில் புதுப்பூ விரிந்திருப்பதைக் காண்கிறோம். ஆதலால் செடி அளவில் பூவும் முள்ளும் ஒருங்கேதான் உள்ளன. ரோஜா விளக்கமும் பொருந்தும் எனலாம்.

தடை கூறும் உண்மை மறுக்கத்தக்கதன்று. ஆனால் அது ரோஜா விளக்கத்துக்கு அரண் செய்யவில்லை. ஒரு கணுவில் முள்ளும் மற்றொரு கணுவில் பூவும் இருப்பினும், முள்ளாகிய கணுவுக்கு அப்பூவால் பயனில்லை. தலைவனைக் கொடியாகக் கொண்டால், தலைவிக்கு அவன் முள். வேறொருத்திக்கு அவன் இன்றைய புதுமலர். மருதத்திணையின் உரிப்பொருளாகிய ஊடலுக்கு இதைவிடப் பொருத்தமான செடியைக் காண்பது அரிது. அள்ளூர் நன்முல்லையார் இவ்வளவும் கருதியே பாடினார் என நாம் வலிந்து கூறவில்லை. பாடலில் வெளிப்படச் சொல்லப்பட்டது ஒரு பூவின் வரலாறே. எனினும் அகப்பாடல்களைத் திணைமரபின் வழி ஒன்றோடொன்று வைத்துப் படிக்கும் உரிமை நமக்கு உண்டு. அவ்வாறு படிப்பின், களவுக்காலத் தலைவி தன் தோளை நெருஞ்சி என்கிறாள். மருதத்துப் பரத்தை தலைவனை நெருஞ்சி என்கிறாள். மருதத்துத் தலைவி நெருஞ்சியின் முள்ளைக் காட்டுகிறாள். வெவ்வேறு புலவர் பாடிய மூன்று தனிப்பாடல்கள் ஒரு செடியின் மூன்று நிலைகளைப் பங்கிட்டுக் கொண்டது போல் தோன்றுகின்றன. பொது அனுபவத்திலிருந்து பிறந்த உவமை மரபு எவ்வளவு நுண்மையாக வளர்ந்திருந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

நெருஞ்சிப் பழம்

வள்ளுவர் நெருஞ்சியைக் குறிப்பது நலம்புனைந்துரைத்தல் அதிகாரத்தின் இறுதிக் குறளில் (1120). மென்மையின் எல்லையாகக் கருதப்பட்ட அனிச்சப்பூவும் அன்னத்தின் தூவியும்கூடத் தலைவியின் அடிக்கு நெருஞ்சிப் பழம் போல் வருத்தம் தருவன என்பது அதன் பொருள். முள் என்னாது பழம் என்றது ஏன் என்பது மாணவர் இயல்பாகக் கேட்கும் வினா. பழம் என்றதும் இன்று நம் மனத்தில் எழுவது சதைப்பற்றும் சுவையும் உடையது. அதனை வருத்தத்திற்கு ஒப்பிடுவது முரணாகத் தோன்றும்.

பழுத்த நிலையில் முள் வலிமை பெறுவதைக் கருதியே பழம் எனப்பட்டது என்னும் கருத்துப்படப் பரிமேலழகர் விளக்குகிறார். செடியின் இயல்பு இவ்விளக்கத்தை முற்றும் உறுதிசெய்கிறது. பசுங்காயில் முள் இளையது. முற்றி உலர்ந்த பின்னரே அது பாதத்தைத் துளைக்கும் வலிமை பெறும். பழம் என்பது இங்கு முதிர்ச்சியைக் குறிக்கும் சொல், சுவையைக் குறிப்பதன்று. மேலும், அனிச்சம் பூ. நெருஞ்சிப்பழம் பூவின் முடிவு. பூவும் அவள் அடிக்குப் பழம் என்று சொல்லும்போது, மென்மையின் தொடக்கமும் வன்மையின் முடிவும் ஒரு குறளுக்குள் எதிர்நிறுத்தப்படுகின்றன. முள் என்னும் சொல்லைப் பெய்திருந்தால் இவ்வெதிர்நிலை கிட்டியிராது.

கூர்ந்து நோக்கின், நெருஞ்சிப் பூ, நெருஞ்சிப் பழம், நெருஞ்சி முள் என்னும் மூன்று வழக்குகளும் நமக்கு ஒரு வரலாற்றைக் கூறுகின்றன. சங்கப் பாடல்களில் பூ பெரிதும் பேசப்பட்டது. குறளில் பழம் பேசப்பட்டது. இன்றைய பேச்சில் முள் மட்டுமே எஞ்சியுள்ளது. பழம் என்ற சொல்லையும் நாம் இழந்து, அதன் புறத்தே நிற்கும் முள்ளின் பெயராலேயே முழுப்பொருளையும் அழைக்கிறோம். உறுப்பின் பெயர் முதலுக்கு ஆகிவந்த இவ்வழக்கே, முள் என்பது பழத்தின் வேறாகிய ஒன்று எனும் மயக்கத்திற்கும் இடங்கொடுத்திருக்கலாம்.

கற்பித்தலுக்கு உரிய பயன்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழிலக்கியம் கற்கும் மாணவர் மழைவளம் மிக்க நிலத்தில் வளர்பவர். வறண்ட மணற்பாங்கில் செழிக்கும் நெருஞ்சியை அவர்கள் வழியில் மிதித்து அறிய வாய்ப்புக் குறைவு. அதனால் செடியின் படத்தைக் காட்டி, இதுவே நெருஞ்சி எனச் சொல்லிவிட்டுச் செல்வதில் பயன் மிகுதியாக இராது. பூத்த படத்தை மட்டும் காண்போர் முள்ளை அறியார். முள்ளின் படத்தை மட்டும் காண்போர் பூவை அறியார். பூ, பசுங்காய், முற்றிய பழம் என்னும் மூன்று நிலைகளையும் வரிசைப்படுத்திக் காட்டுவதே பாடலுக்கு இன்றியமையாதது.

இதற்கு ஒரு வாய்ப்பு நம் அருகிலேயே உள்ளது. நாட்டு மருந்துக் கடைகளில் நெருஞ்சில் முள் என்ற பெயரில் விற்கப்படுவது இச்செடியின் உலர்ந்த பழமே. சித்த மருத்துவத்தில் நீரடைப்பு முதலியவற்றிற்குக் குடிநீராக்கப் பயன்படுவது இது. சீன மருத்துவத்திலும் இப்பழம் இடம்பெறுவதால் சீன மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். அதனை வகுப்பில் மாணவரின் உள்ளங்கையில் வைத்து, இதன் முன்னைய பெயர் புதுமலர் என்று கூறிய பின்னர்ப் பாடலைப் படித்தால், பயத்தல் என்னும் வினைக்கு நீண்ட விளக்கம் வேண்டியிராது.

சங்க இலக்கியத் தாவரங்களை அடையாளம் காணும் பணியில் பி. எல். சாமி முதலியோர் செய்த ஆய்வுகள் இத்துறைக்கு அடித்தளம் இட்டவை. அவ்வடையாளங்களைப் பாடலின் பொருளோடு இணைத்துக் காணும் பணி இன்னும் விரிவாக நடைபெற வேண்டும். செடியின் அறிவியற் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதியதும் ஆய்வு நிறைவுற்றதாகக் கருதுதல் கூடாது. அப்பெயர் எந்தச் செடி என்பதைத் தெரிவிக்கும். புலவர் அச்செடியில் எதனைக் கண்டார் என்பதைத் தெரிவிக்காது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. நெருஞ்சிக்குப் பல மொழிகளில் வழங்கும் பெயர்கள் முள்ளை முன்னிறுத்த, சங்கப் பாடல்கள் அதன் பூவையும், பூ ஞாயிற்றை நோக்குதலையும், பூ முள்ளாதலையும் கண்டு பாடியுள்ளன. ஞாயிற்றை நோக்கும் உவமையில் பொருளுக்கேற்ப வினைச்சொல்லும் உவமேயமும் மாறுகின்றன. குறுந்தொகை 202ஆம் பாடலின் உவமை ஒருங்கிருப்பைச் சுட்டாது, காலத்தால் நிகழ்ந்த மாற்றத்தைச் சுட்டுகிறது. அதுவே தலைவியின் மறுப்புக்குக் காரணமாகவும் அமைகிறது. குறளில் வரும் பழம் என்னும் சொல் அம்மாற்றத்தின் முடிநிலையைக் குறிக்கிறது.

ரோஜாவை உவமையாகக் கொண்டு இப்பாடலைக் கற்பிக்கும் இடங்களில், அள்ளூர் நன்முல்லையாரின் தலைவி பொறுமையை இழந்து புலம்பும் பெண்ணாகவே மாணவர் மனத்தில் பதிகிறாள். நெருஞ்சியைக் கொண்டு கற்பித்தால், இழந்ததை இழந்ததென அறிந்து, அதனைத் தோழிக்கும் அறிவிக்கும் பெண்ணாக அவள் நிற்பாள். ஒரு களைச்செடியின் காய் எங்கிருந்து தோன்றுகிறது என்னும் சிறு செய்தி இவ்விரு வாசிப்புகளுக்கும் இடையே நிற்கிறது.